இரண்டு விசிலுக்கு நடுவே

சாம்பல் புதன், இரவு

லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. டூட்டி இருந்ததால் ஆராதனைக்குப் போக முடியவில்லை. வீட்டுக்காரி போய்வந்து பிரசங்கத்தைச் சுருக்கிச் சொன்னாள். நாற்பது நாளும் அதிகாலை நாலு மணியிலிருந்து ஐந்து வரை ஒவ்வொருவரும் தேவசமுகத்தில் காத்திருக்க வேண்டும் என்றாராம் ஐயர். "நாலு மணிக்கு நீங்க டிப்போவுலல்லா இருப்பிய" என்று அவளே சிரித்தாள். உண்மைதான். அந்த நேரம் டிக்கெட் மெஷினையும் பேப்பர் ரோலையும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஐயர் நல்ல மனுஷர். ஆனால் ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்களுக்கு ஜெபிப்பதே உத்தியோகம். நைட் டூட்டி நர்ஸுக்கும், ஓட்டல் அடுக்களையில் பரோட்டா மாவு பிசைகிறவருக்கும், ஏ.டி.எம். வாசலில் காவல் இருப்பவருக்கும் நாலு மணி என்பது வேறு நாலு மணி. கண்டக்டரின் நேரமோ டைம் கீப்பரின் கையில் இருக்கிறது. அதில் ஆண்டவருக்கு எந்த இடம் என்று இந்த லெந்தில் அவ்வப்போது எழுதிப் பார்க்கலாமென்று இருக்கிறேன்.

வெள்ளி

வண்டியை எடுக்குமுன் டிரைவர் அண்ணாச்சி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முன்னால் முருகன் படம், அதற்கு ஒரு முழம் பூ. அவர் ஒற்றிக்கொள்ளும் நேரத்தில் பின்படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி, ஏறி இறங்குகிற எல்லாரோடும் இரும் ஆண்டவரே என்று நான் சொல்லிக்கொள்வேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவர் நிமிர்ந்த பிறகுதான் விசில்.

இன்று நெல்லையிலேயே நிற்க இடமில்லை. ஒரு கையில் மெஷின், மறுகை விரலிடுக்குகளில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள், தோளில் சில்லறைப் பை. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஏறியவர்களில் பாதிப் பேர் கையில் ஸ்கேன் கவர். ஒரு அம்மா கவரை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். "சாத்தான்குளம் ஒண்ணு" என்றவள் மீதிச் சில்லறையைக் கேட்கவே இல்லை. நான் நீட்டியதையும் கவனிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டேன்.

ஆள் ஏறி முடித்து இரண்டு விசில் கொடுத்தபின், "டிக்கெட், டிக்கெட்" என்று வாயெடுப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். கடைசியாக ஏறினவரைப் பற்றி அதில் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்வது வழக்கம். பேர் தெரியாது. ஸ்கேன் கவர் அம்மா, ஃபுட்போர்டு பையன், கருவாட்டுக் கூடைக்காரி என்றுதான் சொல்வேன். அவருக்கு அடையாளம் போதும்.

லெந்து முதல் ஞாயிறு

ரெஸ்ட். காலை ஆராதனைக்குப் போய்வந்து, மத்தியானம் சகோதரர் லாரன்ஸின் சின்னப் புத்தகத்தை எடுத்தேன். வேலைக்கு நடுவே ஜெபிப்பதைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் வந்து நிற்கிற இடம் அது. 1614 வாக்கில் லொரேன் நாட்டில் பிறந்த நிக்கோலா ஹெர்மன், போரில் கால் அடிபட்ட சிப்பாய். 1640இல் பாரிஸ் கார்மேல் மடத்தில் சாதாரணச் சகோதரராகச் சேர்ந்தவரை அடுக்களையில் போட்டார்கள். அவருக்கு அந்த வேலை பிடிக்கவே பிடிக்காது. அப்படியும் வருஷக்கணக்காகப் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் செருப்புத் தைத்தார். 1691இல் அவர் இறந்தபின் ஜோசப் த போஃபோர் என்ற குரு அவர் பேச்சையும் கடிதங்களையும் தொகுத்து வெளியிட்டார்.

எனக்குப் பிடித்தது பர்கண்டிக்கு ஒயின் வாங்கப் போன கதை. வியாபாரம் தெரியாது, காலும் சரியில்லை. படகில் நடமாட முடியாமல் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு போய்த்தான் வேலையை முடித்தாராம். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பின்படிக்கட்டிலிருந்து முன்படிக்கட்டுவரை போய்ப் பார்த்தவனுக்கு அந்தப் படகு நன்றாகவே புரியும்.

ஆனால் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு, "எனக்கு எங்கேயும் ஜெபம்தான், தனியா எதுக்கு?" என்கிற ஆட்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. லாரன்ஸ் இருந்த இடம் மடம். மணி அடித்தால் ஜெபம். அவருக்குத் தனி நேரம் தேவைப்படாமல் போயிருக்கலாம், ஆனாலும் மேலாளர் குறித்த வேளையில் போய் முழங்கால் போட்டவர்தான். முதல் பத்து வருஷம் மிகவும் பாடுபட்டதாக அவரே ஒரு கடிதத்தில் சொல்கிறார். அந்தப் பத்து வருஷத்தைப் பிரசங்கங்களில் நான் கேட்டதில்லை.

திங்கள், நைட் ஹால்ட்

கடைசி டிரிப். மெஞ்ஞானபுரத்தைத் தாண்டும்போது பரிசுத்த பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் வானத்தைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் உள்ளே தள்ளி இருக்கிறது நாங்கள் தங்குகிற ஊர். சுற்றிலும் செம்மண் தேரி, பனை. கோயில் மைதானத்தில் நிறுத்தினால் காலை 5.10க்குத்தான் வண்டி. பின்வரிசை நீளச் சீட்டில் அண்ணாச்சி கொசுவர்த்தி ஏற்றிவிட்டுப் படுத்தார். குறட்டை வந்துவிட்டது. மூன்று பேர் சீட்டில் முடங்கிக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன்.

செவ்வாய், காலை

நாலரைக்கு மணி அடித்தது. இந்த ஊரில் எல்லா நாளும் அடிக்கும். குழாயடியில் முகம் கழுவிவிட்டுப் போனேன். உபதேசியார், நாலைந்து பாட்டிமார், பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பையன், ஒரு தாத்தா. ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், ஜெபம். இருபது நிமிஷம். பாட்டிமார் கீர்த்தனையை இழுக்கிற இழுப்பில் சில நாள் இன்னும் ஐந்து நிமிஷம் கூடும். அன்றைக்கு ஆசீர்வாதத்தைப் படியிறங்கிக்கொண்டே வாங்கிக்கொள்வேன்.

தாத்தா பனையேறி. எண்பதைத் தாண்டியிருப்பார். மரத்தைக் கட்டிக் கட்டி ஏறியதில் நெஞ்சிலும் முன்கையிலும் தோல் காய்த்துக் கறுத்துக் கிடக்கிறது. மணி பார்த்தேன், ஆறு நிமிஷம் இருந்தது.

"ஏன் தாத்தா, இவ்வளவு இருட்டுல கோயில் வைக்காங்க?"

"அந்தக் காலத்துல ஆம்பளைய பூரா பனையிலல்லா கெடப்போம், தம்பி. கலயத்துல சுண்ணாம்பு தடவுனாலும் வெயில் ஏறிட்டா பதனி ருசி போயிரும். இவனுவ மரத்துல ஏறிட்டானுவன்னா கோயிலுக்கு வரமாட்டானுவ, ஏறுறதுக்கு முன்ன மணிய அடிங்கன்னுட்டாராம் அப்போ இருந்த ஐயரு."

சாத்தான்குளம் வரைக்கும் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பேர் தெரியாத அந்தப் பழைய ஐயர் பனையேறியிடம் ஒரு மணி நேரம் கேட்கவில்லை. அவனுடைய வேலை எப்போது தொடங்குகிறது, பதனீர் எப்போது கெடும் என்றெல்லாம் விசாரித்து, அதற்குள் இருபது நிமிஷத்தைத் தேடி எடுத்திருக்கிறார். ஜெப நேரத்தைக் குறித்துக் கொடுத்தது அவர்கள் செய்த வேலைதான். இன்று அந்த ஊரில் பனையேறுகிறவர்கள் சொற்பம். இளவட்டங்கள் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். மணி மட்டும் பனையின் கணக்கில் அடித்துக்கொண்டிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனி ஷிப்டைப் பார்த்து யாராவது ஒரு மணி அடித்தால் நன்றாயிருக்கும்.

என் கணக்குப்படி, நைட் ஹால்ட் நாளில் இந்த இருபது நிமிஷம். மற்ற நாளில் சாத்தான்குளத்தில் வண்டி நிற்கிற நேரம். டீக்கடைக்குப் போகாமல் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் ஒரு அதிகாரம் வாசித்து, கொஞ்சம் சும்மாவும் இருக்கலாம். சும்மா இருப்பதுதான் கஷ்டம். "வண்டி எப்ப கெளம்பும்?" என்று யாராவது ஜன்னலைத் தட்டுவார்கள். கப்பர்நகூமில் அவ்வளவு நோயாளிகளைக் குணமாக்கிய மறுநாள், இருட்டோடு எழுந்து வனாந்தரத்துக்குப் போனவரையே சீமோன் தேடிக்கொண்டு வந்துவிட்டான். மாற்கு முதலாம் அதிகாரம்.

வியாழன்

நெகேமியா வாசித்தேன். ராஜா அர்தசஷ்டாவுக்குத் திராட்சரசம் பரிமாறுகிறவன். அவன் முகவாட்டத்தைக் கண்டு, உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான். பதில் சொல்லுமுன் நெகேமியா தேவனை நோக்கி ஜெபிக்கிறான். ராஜாவைக் காக்கவைக்க முடியாது. எத்தனை நொடி கிடைத்திருக்கும்? எனக்கு இரண்டு விசிலுக்குப் பிறகு கிடைப்பதைவிட அதிகம் இருந்திருக்காது.

வேலைக்கு நடுவே ஜெபிப்பதற்கு ஆதாரமாக இந்த இரண்டாம் அதிகாரத்தைத்தான் காட்டுவார்கள். ஒரு பக்கம் பின்னால் திருப்பினால் விஷயம் இன்னும் நீளமானது. எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிற செய்தி சூசானுக்கு வந்தது யூதரின் ஒன்பதாம் மாதம், நமக்குக் கார்த்திகை–மார்கழி. ராஜா கேட்டது முதலாம் மாதம், பங்குனி வாக்கில். நடுவே நாலு மாதம் போல. செய்தி கேட்ட நாளிலிருந்து அழுது, உபவாசித்து, இரவும் பகலும் மன்றாடினவன் அவன். என்ன கேட்க வேண்டும், எத்தனை நாள் லீவு, யாருக்கெல்லாம் கடிதம் வேண்டும், எவ்வளவு மரம் வேண்டும் என்பதெல்லாம் ராஜா முன்னால் கடகடவென்று வருகிறது. அந்த ஒரு நொடி ஜெபத்துக்கு அடியில் நாலு மாத ஜெபம் கிடந்திருக்கிறது. விசில் ஜெபம் மட்டும் போதும் என்று இருந்தால், கொஞ்ச நாளில் விசில்தான் மிஞ்சும்.

சனி

ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னாவைப் பற்றி வீட்டுக்காரியிடம் சொன்னேன். பெற்றது பத்தொன்பது, தங்கியது பத்து. வீட்டில் தனி அறைக்கு வழியில்லாமல் ஏப்ரனைத் தூக்கித் தலையை மூடிக்கொண்டு ஜெபிப்பார் என்பார்கள்.

"தலைய மூடுனா குக்கர் விசில யாரு எண்ணுவா?" என்றாள்.

சூசன்னா ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்கியிருந்ததும், வியாழன் ஜானுடையது என்பதும் அவளுக்குப் பிடித்துப்போனது. அவளுடைய வழி வேறு. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துக் கோயில் டின்னில் போடுவாள். அந்தக் கை டின்னுக்குப் போகிற நேரத்தில் யாராவது ஒருவரை ஆண்டவரிடம் சொல்வாள். இன்று யாரை என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

புதன்

டிப்போவில் பாய் நோன்பு. இந்த முறை லெந்தும் நோன்பும் ஒட்டியே வந்தன. எங்கள் ஆட்கள் பலர் மீனையும் இறைச்சியையும் விடுவதோடு சரி. பாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் டிக்கெட் போடுகிறார். லுஹர் நேரத்துக்கு ரெஸ்ட் ரூம் மூலையில் துண்டை விரித்தார். டைம் கீப்பர் மைக்கில் வண்டி நம்பரைக் கூப்பிட்டார். பாய் அசையவில்லை. முடித்து, துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வண்டி இரண்டு நிமிஷம் லேட். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்த நேரம் உண்டு என்பது டிப்போவுக்கே பழகிவிட்டது. நமக்கு அப்படியொரு நேரம் இருப்பது நமக்கே தெரியாதபோது டைம் கீப்பருக்கு எப்படித் தெரியும்? தானியேல் பாபிலோனில் பலகணியைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று வேளை முழங்கால் போட்டான். எதிரிகளுக்கே அவன் டைம் தெரிந்திருந்தது.

பிராங்க் லாபாக் என்ற அமெரிக்க மிஷனரி ஞாபகம் வருகிறார். 1930இல் பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவில் முஸ்லிம்கள் நடுவே இருந்தபோது, நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது ஆண்டவரை நினைக்கப் பழகினார். பிறகு அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கி, ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிஷம் நினைத்தோம் என்று மார்க் போடச் சொன்னார். எனக்கு அதில் இஷ்டமில்லை. நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பவன், கலெக்ஷனைக் கட்டிவிட்டு வந்து ஆண்டவரையும் எண்ண வேண்டுமா? லாபாக்கிடம் எனக்குப் பிடித்தது அவர் குன்று. சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றில் ஏறி உட்கார்ந்து, தேவனோடு பேசுவாராம். நிமிஷக் கணக்குக்காரருக்கும் ஒரு குன்று தேவைப்பட்டிருக்கிறது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள்

எங்கள் டிப்போவின் லீவு நோட்டை இந்தச் சமயத்தில் நிலாதான் எழுதுகிறது. ரம்ஜான் பிறை பார்த்து வரும். பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வரும். மார்ச் 21க்கோ அதற்குப் பின்னோ வருகிற பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். எல்லாரும் ஒரே நோட்டில் அடித்துப்பிடித்துக்கொண்டு எழுதுகிறோம்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் இந்த வருஷமாவது பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை முழுசாக உட்கார வேண்டும். ரம்ஜானுக்கு பாய் டூட்டியை நான் பார்த்ததால், வெள்ளிக்கிழமை என் டூட்டியை அவர் எடுத்துக்கொள்கிறேன் என்றார். பேசி முடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது, வெள்ளி மத்தியானம் அவருக்கு ஜும்மா. என் வண்டி அந்த நேரம் தேரிக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கும்.

ஷெட்யூல் சார்ட்டை விரித்துவைத்து வரிவரியாகப் பார்த்தோம். பன்னிரண்டரைக்குத் திருச்செந்தூர் போய் ஒன்றே முக்காலுக்குத் திரும்புகிற வண்டி ஒன்று இருந்தது. அதன் கண்டக்டர் என் வண்டியை எடுத்தால், பாய் அந்த வண்டியில் ஏறலாம். தொழுதுவிட்டுச் சாப்பிடவும் நேரம் இருக்கும். ஆளைப் போய்ப் பார்த்தோம். சரி, ஆனால் ஈஸ்டர் மறுநாள் எனக்கு ரெஸ்ட் வேணும் என்றார். டைம் கீப்பர் மூக்குக் கண்ணாடியை இறக்கி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எழுதிக் குடுங்கய்யா, பாப்போம்" என்றார்.

எழுதிக்கொண்டிருந்தபோது தோளுக்கு மேலே அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "உத்திரத்தன்னைக்கு நான் சாஸ்தா கோயிலுக்குப் போவணும்டே. அந்தப் பேப்பரை மடிக்காத, என் பேரையும் எழுது."