அரிப்புக் கரையிலிருந்து

அரிப்பு,
ஞாயிறு மாலை.

அன்பு நண்பா,

மன்னாரிலிருந்து பஸ் பிடித்து, அருவியாற்றைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்தேன். நம்ம பக்கத்து முத்துக்குளிகாரர்கள் தோணியேறி வந்த முத்துப் பார்கள் இந்தக் கடலில்தான் கிடக்கின்றன. முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, கரை அரிக்க அரிக்கக் கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. ஊருக்குப் பொருத்தமான பேர்தான்!

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது பக்கத்திலிருக்கும் சின்னக் கோட்டை. கண்டி நாட்டில் பிடிபட்டு 19 வருஷத்துக்கு மேல் ஊர் திரும்ப முடியாமல் கிடந்த ஆங்கில மாலுமி ராபர்ட் நாக்ஸ், ஒரு தோழனோடு ஆற்றோரக் காட்டுவழியே தப்பிவந்து, 1679 அக்டோபரில் இங்கேதான் அடைக்கலம் புகுந்தான். அவன் ஊழியம் செய்ய வந்தவனல்ல, கைதி. ஆனாலும் கண்டி நாட்டில் இருந்தபோது ஒரு கிழவரிடம் ஆங்கில வேதாகமம் இருக்கக் கண்டு, பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கினானாம். சொந்த பாஷைக்கு அவ்வளவு ஏக்கம்.

மனசார விரும்பி வந்தவர்களுக்கும் தனிமை தனிமைதானே? கோவாவிலிருந்து 1687இல் இலங்கைத் தீவுக்கு வந்த யோசேப் வாஸ் அடிகளுக்குத் துணைக்குருக்கள் வந்து சேர ஏறக்குறைய ஒன்பது வருஷமானது. 2015இல் அவர் புனிதரானார். அந்த ஒன்பது வருஷத்தை நினைத்துத்தான் எனக்கு மலைப்பு.

கோட்டைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது ஆப்பிரிக்காவில் கன்னியாஸ்திரியாக இருக்கும் உன் அக்கா ஞாபகம் வந்தது. போனில் எப்போது கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்பார். வைக்கிற நேரத்தில், "சாளை இன்னைக்கு என்ன வெல?" என்பார். அவருக்கு எதற்கு மீன் விலை என்று நாம் சிரித்தோமே, அதுதான் இப்போது உறுத்துகிறது.

நம்ம மணப்பாட்டுக் குகையில் ஜெபித்த சவேரியார், 1546இல் அம்போன் தீவிலிருந்து ஐரோப்பாவிலிருந்த தோழர்களுக்கு எழுதினார். அவர்களுடைய கடிதங்களிலிருந்து கையெழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்து எப்போதும் தன்னோடு வைத்திருப்பதாக அதில் சொல்கிறார். அவருக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

இந்த மாசம் அக்காவுக்குத் தாளில் எழுது. வீட்டில் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அம்மாவுக்குக் கைநாட்டு போதும். மறக்காமல் சாளை விலையையும் எழுதிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்