எழுந்து நிற்கும் கடல்

துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரம் மணலையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு, அல் அய்ன் தாண்டியதும் திடீரென்று ஒரு மலை. ஜெபல் ஹஃபீத்! உயரம் சுமார் 1,240 மீட்டர். உச்சி வரை வழுவழு ரோடு.

"என்ன சார், ஒரு மரம்கூட இல்லையே!" என்று அலுத்துக்கொண்டேன்.

கூட வந்த நண்பர் படித்தது ஜியாலஜி; பார்ப்பது அக்கவுன்ட்ஸ். (வளைகுடாவில் இதெல்லாம் சகஜம்!) காரை ஓரங்கட்டச் சொல்லி ஒரு பாறையைக் காட்டினார். கல் முழுக்கக் காசு காசாக வட்டங்கள்.

"நம்முலைட்ஸ். ஒரே செல் பிராணி. கடல்ல வாழ்ந்தது."

"கடலா? இங்கேயா?"

சுமார் 4 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலாம். செத்த உயிர்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகி, சுண்ணாம்புப் பாறையாகிவிட்டன.

"சரி, மலை எப்படி வந்தது?"

"ஜமுக்காளத்தைச் சுவரோரமா விரிச்சு, இந்தப் பக்கத்திலேர்ந்து தள்ளுங்க. நடுவுல புடைக்குமில்ல?"

அரேபிய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஈரானை முட்டியதில், கடல்தரை மடிந்து புடைத்துக்கொண்டதாம். மடிப்பு ஒரே சீராக இல்லை. கிழக்குப் பக்கம் செங்குத்து, மேற்கே கொஞ்சம் சரிவு. தட்டு இன்னமும் நகர்கிறது. வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் சுமாருக்கு.

"என் பிரமோஷனைவிட வேகம்தான்" என்றேன்.

இறங்கும்போது மலையடிவாரத்தில் தேன்கூடு மாதிரி கற்குவியல்கள். 5,000 வருஷத்துக் கல்லறைகளாம். 1959-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். அக்கம்பக்கத்துக் கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அடுக்கியிருக்கிறார்கள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. போன வருஷம் அப்பா போனபோது லீவு கிடைத்து நான் ஊர் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள். எல்லாம் முடிந்திருந்தது. ஒரு பிடி மண்கூட என் கையால் போடவில்லை.

செத்த உயிர்கள் சேர்ந்து கல்லாகி, அந்தக் கல்லே செத்த மனிதனுக்கு வீடாகி... குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். வெயிலில் சுட்டது. பாக்கெட்டில் போட மனசு வரவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நண்பர் ஏன் என்று கேட்கவில்லை. பேசாமல் காரைக் கிளப்பினார்.