அண்ணன் கிட்டாரும் நாங்க போட்ட ஓட்டையும்



நவராத்திரி பஜனையில் எங்க அண்ணன் மகள் வாசிச்ச கிட்டாரைப் பார்த்துட்டு நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டீங்க. "அஞ்சு கீ மங்கிப் போய் பழசா இருக்கு, ஒண்ணு மட்டும் ஏன் புதுசா இருக்கு?" அன்னைக்கு அன்னதான வேலை அதிகம், சிரிச்சு மழுப்பிட்டு நகர்ந்துட்டோம். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். எங்க தப்பும் அதுல இருக்கு. அதனால இங்கேயே எழுதிடறோம்.

நாங்கள் என்றால் அண்ணனுக்குப் பின்னால் பிறந்த தம்பிகள் இரண்டு பேர். ஒருத்தர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், இன்னொருத்தர் லாரி ஓட்டுறவர். கிட்டார் வாசிக்க இரண்டு பேருக்குமே தெரியாது.

அண்ணன் அந்தக் கிட்டாரை வாங்கினது 1983-ல். அப்போ நாங்க தோட்டத்து லயன் வீட்டில் இருந்தோம். அண்ணன் முதல் முதலா வேலைக்குப் போய், மாசம் இருபது வெள்ளி கட்டி, யாரோ வாசிச்சுப் பழகின பழைய கிட்டாரை வாங்கிட்டு வந்தார். "அரிசி வாங்க வேண்டிய காசு"ன்னு அம்மா ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் சாயங்காலம் வாசல்ல உட்கார்ந்து ஒரு பழைய பாட்டு வாசிச்சார். அம்மா கோப்பி கலக்கிக் கொண்டு வந்து பக்கத்துல வச்சுட்டுப் போனாங்க. அவ்வளவுதான், சண்டை முடிஞ்சது.

அது யமாஹா கிட்டார். ஓட்டை வழியா உள்ளே பார்த்தா சிவப்பு லேபிள் இருக்கும், அதில் நிப்பான் காக்கி என்று கம்பெனியின் பழைய பேர். எஃப்ஜி என்ற இந்த வரிசை ஜப்பானில் 1966-ல் வந்தது. அந்தக் கம்பெனி ஆரம்பிச்ச கதையே ஒரு ரிப்பேர் கதைதான். 1887-ல் ஹமாமட்சு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கெட்டுப்போன ஓர் ஆர்கனை யமாஹா என்கிறவர் பழுது பார்த்தார், அதிலிருந்து வளர்ந்தது. அவங்க சின்னத்தில் இருக்கிற மூணும் சுருதி பார்க்கிற கவைகள். இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அண்ணன் தவறி மூணு வருஷம் ஆச்சு. கிட்டார் அண்ணி கட்டிலுக்கு அடியில் இருந்தது. இந்த வருஷம் மகள் "பஜனையில் அப்பா கிட்டாரை வாசிக்கணும், சித்தப்பா"ன்னு கேட்டா. எடுத்துக் கம்பி மாத்தினோம். ஒரு பாட்டு முடியறதுக்குள்ள சுருதி இறங்கிடுது. தடிச்ச ஆறாவது கம்பிக்கு கீயைத் திருகினா, திருகிக்கிட்டே இருக்கலாம், கம்பி ஏறல.

நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம்: கீ எல்லாம் போச்சு, ஆறையும் மாத்திடலாம். ஆன்லைனில் பளபளன்னு ஒரு செட் அறுபத்தஞ்சு வெள்ளிக்கு வாங்கினோம். வந்த பிறகுதான் பார்த்தோம், புதுக் கீக்கு 10 மில்லிமீட்டர் ஓட்டை வேணும். வெர்னியர் வச்சு அளந்தா பழைய ஓட்டை 8.8 தான். "ஒரு மில்லிதானே, டிரில் போட்டா முடிஞ்சது." ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையலறை மேசை, கைடிரில். ஆறாவது கம்பி ஓட்டையில் முதலில் வச்சோம்.

டிரில் பிட்டு மரத்தைக் கவ்வி இழுத்தது. 'டக்'னு ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தா, தலைப்பகுதியின் முன்பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து மேசையில் கிடக்குது. உள்ளே மரம் பச்சையா, வெளுப்பா தெரிஞ்சது. அண்ணன் கை பட்டுப் பட்டு மங்கின கறுப்பு வார்னிஷ் நடுவுல அந்த வெள்ளை. ரெண்டு பேரும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தச் சில்லைத் தீப்பெட்டிக்குள்ள எடுத்து வச்சோம். திருநீறு மடிக்கிற மாதிரி பேப்பர்ல மடிச்சு வச்சோம்.

தொழிற்சாலையில் மெஷின் நின்னா, புதுப் பையன்கள் உடனே "பார்ட்டு மாத்தலாம்"னு வருவாங்க. "முதல்ல ஏன் நின்னதுன்னு அஞ்சு தடவை கேளு, அப்புறம் பார்ட்டைத் தொடு"ன்னு அவங்களைத் திட்டுறது யாரு? முப்பது வருஷமா சொன்ன பாடத்தை, சொந்த அண்ணன் பொருளில் ஒரு தடவைகூட கேட்கல.

அடுத்த சனிக்கிழமை ஒரு சீனர் அங்கிளிடம் கொண்டு போனோம். எழுபது வயசுக்கு மேல, வீட்டு முன்னாலேயே கிட்டார் பழுது பார்க்கிறார். ஓட்டையைப் பார்த்தார். விரலால் ஒரு தடவை தடவினார். "சாயாங்..."ன்னார். அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லை.

பிறகு ஒவ்வொண்ணா காட்டினார். கீக்குள்ள வோர்ம் கியர் இருக்கு, பதினாலு பதினஞ்சு தடவை திருகினாத்தான் தூண் ஒரு சுத்து சுத்தும். அதில் ஆறாவது கீயின் பல்லு மட்டும்தான் உண்மையிலேயே தேய்ஞ்சிருந்தது. நாலு கீயில் பின்பக்கத்துக் குட்டி ஸ்குரூ தளர்ந்திருந்தது. ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுக்குது, தளர்ந்த கீ நகரத்தானே செய்யும்? ஸ்குரூ ஓட்டையில் பல்குச்சித் துண்டும் மரப் பசையும் வச்சு, காய்ஞ்சதும் இறுக்கினார். கியருக்கு ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய். மிச்சம் ஒரு கீயில் குறையே இல்லை.

சுருதி இறங்கினதுக்கு இன்னொரு காரணம் கீயே இல்லை. கழுத்து மேல் முனையில் கம்பி உட்காருகிற வெள்ளைக் கட்டை, நட் என்பாங்க. அதன் பள்ளத்தில் மூணாவது கம்பி சிக்கிச் சிக்கி நகர்ந்தது. திருகும்போது 'டிங்'னு ஒரு சத்தம் வந்தா அதுதான் அடையாளம். பள்ளத்தை லேசா சுத்தம் பண்ணி, பென்சில் முனையால் தேய்ச்சார். பென்சில் கரி வழுக்கும், கம்பி தடையில்லாம ஓடும். செலவு ஒண்ணுமில்லை.

நாங்க பெரிசாக்கின ஓட்டைக்கு வெளியே 10 மில்லி, உள்ளே பழைய கீயின் தூண் அளவு என்று ஒரு பித்தளை வளையம் போட்டு, பழைய மாடலிலேயே புதுசா ஒரு கீ வச்சார். தீப்பெட்டியைக் கொடுத்தோம். திறந்து பார்த்துட்டு எங்களைப் பார்த்து முதல் தடவையா சிரிச்சார். சில்லை ஒட்டினார். கோடு தெரியும்னு முன்னாலேயே சொல்லிட்டார். தெரியத்தான் செய்யுது.

அண்ணிகிட்ட மறைக்கலாம்னுதான் முதலில் நினைச்சோம். கிட்டாரைக் கொண்டு போய்க் கையில் கொடுத்ததும் முடியல, சொல்லிட்டோம். அண்ணி அந்தக் கோட்டைப் பார்த்தாங்க. "உங்க அண்ணன் இருந்திருந்தா உங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கு ராத்திரி சோறு கிடையாது, தம்பி"ன்னாங்க. அப்புறம் உள்ளே போய் கோப்பி கலக்கிட்டு வந்தாங்க.

நவராத்திரியில் மகள் ஏழு பாட்டு வாசிச்சா. நடுவுல ஒரே ஒரு தடவைதான் சுருதி பார்த்தா. நாங்க அன்னதான வரிசையில் நின்னுக்கிட்டே ஒவ்வொரு பாட்டு முடிவிலும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்.

அன்பர்களே, வீட்டில் பழைய ஆர்மோனியமோ, வயலினோ, கிட்டாரோ இருந்தா எங்களோட அனுபவத்தை மனசுல வச்சுக்குங்க. கிட்டார்னா, கழற்றுவதற்கு முன் எல்லாக் கம்பியையும் தளர்த்துங்க. முதலில் ஸ்குரூவை இறுக்கிப் பாருங்க, நட்டைப் பாருங்க, ஒவ்வொரு கீயையும் தனித்தனியா திருகிப் பாருங்க. சுருதி கூடிப் போனா, கீழே இறக்கிட்டுத் திரும்ப மேலே ஏத்தி நிறுத்துங்க, அப்போதான் பல்லு இறுக்கமா நிக்கும். மாத்தித்தான் ஆகணும்னா பழைய ஓட்டைக்குப் பொருந்துகிற கீயைத் தேடுங்க. கழற்றின பழைய சாமானைத் தூக்கிப் போடாதீங்க. மரத்தில் டிரில் வைக்கணும்னு தோணினா, அன்னைக்கு அதை மூடி வச்சுட்டுத் தெரிஞ்சவங்களைக் கேளுங்க. வெட்டின மரம் திரும்ப வளராது.

அறுபத்தஞ்சு வெள்ளி செட் இன்னும் எங்க வீட்டு டிராயரில் பெட்டி பிரிக்காத மாதிரி இருக்கு. யாருக்காவது 10 மில்லி ஓட்டை போட்ட கிட்டார் இருந்தா, வெள்ளிக்கிழமை பஜனைக்கு வரும்போது சொல்லுங்க, சும்மாவே கொடுக்கிறோம்.