டயருக்குள் ஒரு மரப்பொந்து

மலைக்காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க, கேரளத்தின் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வசிக்கும் லயத்துக் கூரைகளில் பழைய டயரைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் சில இன்னும் அந்த லயங்களில்தான் இருக்கின்றன. அங்கே எந்தப் பொருளும் லேசில் குப்பைக்குப் போவதில்லை. அந்தச் சிக்கனத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் டயர் ஒரு விசித்திரமான பாத்திரம். நிமிர்த்தி வைத்தாலும் படுக்கப் போட்டாலும் உள்ளே ஒரு கை மழைநீர் தங்கிவிடும். அதோடு கொஞ்சம் சருகு, முழு இருட்டு. உடம்பில் வெள்ளை வரி போட்ட புலிக்கொசு ஆதியில் காட்டுவாசி. மரப்பொந்திலும் மூங்கில் குற்றியிலும் தேங்கிய நீரோரமாக முட்டையிட்டுப் பழகியது. டயரின் உட்புறம் அதற்கு அசல் மரப்பொந்துதான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். நீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழையில் பொரியும்.

விதுரைப் பக்கம் இறங்கினால் ரப்பர்த் தோட்டங்கள். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றதும் மரத்தில் கட்டிய சிரட்டையைக் கவிழ்த்து வைக்காவிட்டால் அதிலும் இதே நீர், இதே கொசு. ரப்பர் பாலாகச் சொட்டும் இடத்திலும், டயராகத் தேய்ந்து ஒதுங்கும் இடத்திலும் ஒரே உயிர் குடியேறுவதை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

டயருக்குள் நடக்கும் இந்தக் குடியேற்றத்துக்கு ஒரு நீண்ட கதையும் உண்டு. 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் புலிக்கொசு வேரூன்றியிருப்பதைக் கண்டார்கள். ஆசியாவிலிருந்து கப்பலேறிய பழைய டயர்களுக்குள் முட்டையாக வந்திருந்தது. 1990இல் இத்தாலியின் ஜெனோவாவில் தென்பட்டது. அங்கும் டயர் வணிகம்தான் வழிவிட்டது. கொசு அங்கே குடியேறிவிட்டது, அது பரப்பும் சிக்கன்குன்யா அப்போது போயிருக்கவில்லை. 2006இலும் 2007இலும் கேரளத்தைச் சிக்கன்குன்யா முடக்கிப் போட்டது. ரப்பர் செழித்த கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்கள் 2007இல் பெரும்பாடு பட்டன. அதே ஆண்டுக் கோடையில் கேரளத்திலிருந்து வந்த ஒரு பயணி, வடகிழக்கு இத்தாலியில் உறவினரைப் பார்க்கப் போனார். உடம்பில் காய்ச்சல் இருந்தது. டயரில் வந்திறங்கிய கொசுவின் வாரிசுகள் அவரைக் கடித்தன. காஸ்திலியோனே தி செர்வியா என்ற சிற்றூரிலும் சுற்றுப்புறத்திலுமாகச் சுமார் இருநூறு பேர் மூட்டுவலியில் படுத்தார்கள். நம் முதியவர்கள் சுவரைப் பிடித்து நடந்த அதே வலி, கடல்கடந்த ஒரு கிராமத்தில்.

அதனால் தேய்ந்த டயர் வீட்டுக்கொல்லையில் சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. கொளுத்துவது அதைவிடக் கொடுமை. அந்தக் கரும்புகை யார் நெஞ்சிலும் இறங்கக் கூடாதது. உருக்கித் திரும்ப வார்க்கலாமென்றால், 1839இல் சார்லஸ் குட்இயர் என்பவர் கண்ட கந்தகப் பக்குவம் விடாது. சூட்டில் ரப்பர் இளகாதபடி கட்டிப்போட்டதே அந்தப் பக்குவம்தான். டயரைப் பொடியாக்கிச் சாலைத் தாரில் கலக்கலாம். கூரைப் பாரத்துக்கு வேண்டுமென்றால், கீழே படியும் பக்கச்சுவரில் ஐந்தாறு துளை போட்டால் போதும். தரையோடும் பட்டையில் எஃகுக் கம்பி இருக்கும். பக்கச்சுவரில் துளையிடுவது எளிது. எடை குறையாது, நீரும் நிற்காது.

கழிந்த டயரை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு 2022 முதல் சட்டப்படி உற்பத்தியாளர்மேலும் இறக்குமதியாளர்மேலும் இருக்கிறது. இருந்தாலும் புது டயர் மாட்டும்போதெல்லாம் பழையது எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் கேட்கிறேன். லாரி வரும்வரை அடுக்கிவைக்கும் இடத்துக்கு மேற்கூரை இருக்கிறதா என்றும்.