தலை மாறிய தெய்வமும் தங்கவயல் பையனும்

பிள்ளை ஒருவன் வளர்ந்து ஆளாகும் கதையை மாயப்புனைவாக எழுத உட்கார்ந்தால், பாதை ஒன்று ஆயத்தமாகவே கிடைக்கிறது. ஜோசப் கேம்பல் 1949-இல் வகுத்துத் தந்த பாதை அது: நாயகன் வீட்டை விட்டுக் கிளம்புவான், பாதாளத்தில் இறங்குவான், போராடுவான், புதையலோடு திரும்புவான். கோலார் தங்கவயலின் பாலகாட்டைக் களமாக்கி எழுதும் எனக்கு அந்தப் பாதை உதவவில்லை. இங்கே பாதாளத்தில் இறங்குவது அன்றாட ஷிஃப்ட் வேலை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதித்தது. எடுத்த தங்கம் வேறெங்கோ போனது. எடுத்தவர்களின் நுரையீரலில் கல்தூசு தங்கியது. புதையலோடு திரும்பும் நாயகனை இந்த மண்ணில் நடமாடவிட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் இந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் கும்பிடும் தெய்வத்தின் கதையையே எடுத்துக்கொண்டேன். மைன்ஸ் வேலைக்கு வந்த தமிழர்களில் பலர் வட ஆர்க்காட்டுக்காரர்கள். படவேட்டு ரேணுகாம்பாளின் ஊர்ப்பக்கம். தகப்பன் ஜமதக்னி சொன்னார் என்று பரசுராமன் தன் தாய் ரேணுகாவின் தலையை வெட்டுகிறான். அவளைக் காக்கக் கட்டிப்பிடித்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணின் தலையும் விழுகிறது. வரம் பெற்று உயிர்ப்பிக்கும் அவசரத்தில் தலைகள் மாறிவிடுகின்றன. அப்படி எழுந்தவளே மாரியம்மன் என்கிறது தமிழ்நாட்டு வழக்கு. பெரும்பாலும் தலித் உழைப்பால் எழுந்த ஊருக்கு இதைவிட நெருங்கிய புராணம் எது?

உளவியலும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. மகன் தகப்பனை வெல்ல விரும்புகிறான் என்றார் ஃப்ராய்டு. 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், அவரோடு கடிதத்திலேயே வாதாடினார். நம் கதைகளில் பெரும்பாலும் தகப்பனே மகன்மேல் கை ஓங்குகிறான், மகன் பணிகிறான் என்று பின்னாளில் காட்டினார் ஏ.கே. ராமானுஜன். பரசுராமன் பணிந்த மகன். ஆகவே என் பையனின் சிக்கல், பணிந்துபோன தன் கையை இனி என்ன செய்வது என்பதுதான்.

அவனுக்குப் பதின்மூன்று வயதாகும்போது, 2001 பிப்ரவரி 28 அன்று, மைன்ஸ் மூடப்படுகிறது. வேலை போன அப்பா வீட்டிலேயே இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு அவன் அம்மாவுக்கு ஒரு துரோகம் செய்கிறான்.

மாயத்துக்கு விதி வேண்டும். அதைப் பாறைவெடிப்பிலிருந்து எடுத்தேன். ஓரிடத்தில் பாறையை வெட்டி எடுத்தால் அது தாங்கிய பாரம் பக்கத்துப் பாறைக்குப் போகும். தாளாத நாளில் அது வெடிக்கும். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகள் குலுங்கும். சுரங்கங்கள் மூடி நீர் நிரம்பிய பிறகும் அதிர்வுகள் பதிவாயின. நாவலில் யாராவது சொல்லவேண்டியதை விழுங்கினால் வேறொருவர் வீடு குலுங்கும். தெய்வம் தன் தலையைத் தேடிப் புரள்கிறாள் என்று பையன் நம்புகிறான். அது மெய்யா மனமயக்கமா என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. சொன்ன கணமே புராணமும் மனமும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய எர்த்ஸீ நாவலில் ஒரு சிறுவன் தன் நிழலோடு மோதுகிறான். எழுதும்போது அவர் நிழல் பற்றிய யுங்கின் உளவியலைப் படித்திருக்கவில்லை. கோட்பாடு பின்னால் வரலாம் என்பதற்கு அது எனக்கு அத்தாட்சி. பாத்திரம் தன் மனத்தைத் தானே விளக்கும் வரி வந்தால் அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு செயலை வைக்கிறேன்: அம்மா உலையில் அரிசி போடுகிறாள், பையன் எதிரே உட்காராமல் வாசலிலேயே நிற்கிறான்.

மாரியம்மனின் தலையைச் சரிசெய்ய எந்தப் பக்தரும் முயன்றதில்லை. எழுந்தபடியே அவளை ஏற்றுக்கொண்டார்கள். என் பையனும் வெட்டுப்பட்டதை மீட்கப்போவதில்லை. தான் செய்ததை அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்வான். அவள் பதில் எதுவானாலும் அதோடு வாழ்வான். புதையல் இல்லாத ஊரில் ஒரு பிள்ளை ஆளாவது அப்படித்தான் என்று நம்பி எழுதுகிறேன்.