கௌதள்ளி வீட்டுச் சுவரில் இருந்த இரண்டு படங்கள்

கௌதள்ளிக்கு நான் சென்றது ஓர் அஸ்திபார ஜெபத்தின் நிமித்தம். பெங்களூரில் எங்கள் சபைக்கு வருகிற சகோதரர் ஒருவர், தம் பூர்வீக ஓட்டு வீட்டை இறக்கிவிட்டு அதே மனையில் மாடி வீடு கட்ட ஆயத்தமாகியிருந்தார். கொள்ளேகால், ஹனூர் கடந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பாதையில், மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது அவ்வூர். கடைத்தெருவில் ஒருவர் கன்னடத்தில் கேட்க மற்றவர் தமிழில் பதில் சொல்லுவதை அங்கே சாதாரணமாகக் கேட்கலாம்.

சகோதரரின் தகப்பனார் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர். திண்ணையில் உட்கார்ந்தபடி அவர் சொன்ன ஒரு காரியம் என்னைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தது. "பாஸ்டர் ஐயா, இந்த வீடு ஓர் அடிகூட நகரவில்லை. ஆனாலும் விலாசம் மட்டும் எத்தனை முறை மாறிவிட்டது பாருங்கள்!" அவர் பிறந்தபோது கொள்ளேகால் வட்டாரம் சென்னை ராஜதானியின் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 1956 நவம்பர் முதல் தேதி அது மைசூர் மாநிலத்து மைசூர் ஜில்லாவுக்குள் வந்தது. 1973இல் மாநிலத்தின் பெயர் கர்நாடகா ஆயிற்று. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. 2018இல் ஹனூர் தனித் தாலுகாவாயிற்று.

வீட்டை இறக்கும் முன் சாமான்களை வெளியே கொண்டுவந்தார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று குடும்பப் படம். மற்றொன்று ஏதோ ஓர் அரண்மனை. பெரியவரின் தகப்பனார் தசராவுக்குப் போனபோது மைசூரில் வாங்கிவந்ததாம். "இது மைசூர் அரண்மனை இல்லையே?" என்றேன். "மைசூர் அரண்மனைதான் ஐயா. எரிந்துபோனது" என்றார் பெரியவர். சகோதரரோ, இரண்டையும் பழைய மரச்சாமான்களோடு கொடுத்துவிட எண்ணியிருந்தார். அரண்மனைப் படத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் சகோதரரும் நானும் திருமகூடல் நரசிபுரம் வழியாக மைசூர் சென்று, அரண்மனையின் எதிரே அப்படத்தைப் பிடித்துப் பார்த்தோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இன்று நிற்பது கோபுரமும் குவிமாடங்களும் கொண்ட கல் மாளிகை. படத்தில் இருப்பதோ மர மாளிகை. முகப்பில் சித்திர வேலைப்பாடமைந்த நான்கு பெரிய மரத்தூண்கள். அவற்றின்மேல் திறந்த கொலுமண்டபம். தசரா நாட்களில் மன்னர் அங்கே சிங்காசனத்தில் அமர்ந்து ஜனங்களுக்குக் காட்சி தருவாராம். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் எழுப்பப்பட்ட அந்த மாளிகை, 1897 பிப்ரவரியில் இளவரசி ஜயலட்சுமம்மணியின் திருமண நாட்களில் தீக்கிரையாயிற்று.

அப்போது மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் சிறுவர். அவருடைய தாயார் ராஜப்பிரதிநிதியாக ஆண்டுகொண்டிருந்தார். புதிய மாளிகையைக் கட்டும் பொறுப்பு ஹென்றி இர்வின் என்பவரிடம் கொடுக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை முடித்தவரும் இவரே. ஆகவே பாரிமுனைப் பக்கம் போய்வருகிற நம் வாசகர்களுக்கு அவருடைய கைவேலை ஏற்கெனவே அறிமுகமானது. பதினைந்து வருஷம் உழைத்து, 1912இல் 41 லட்சத்து 47 ஆயிரத்து 913 ரூபாய் செலவில் முடித்தார்கள். மறுபடியும் நெருப்புக்கு இடங்கொடாதபடி கல்லும் செங்கலும் இரும்பும் சேர்த்துக் கட்டினார்கள். கல்யாண மண்டபத்தின் வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலிருந்து கப்பலில் வந்தவை.

அம்மண்டபத்துச் சுவர்களில் தசரா ஊர்வலத்தைக் காட்டும் 26 ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றைப் புகைப்படங்களைப் பார்த்தே தீட்டினார்கள். ஆதலால் அவற்றிலுள்ள முகங்கள் பொதுவான முகங்கள் அல்ல; இன்னார் என்று அடையாளம் சொல்லத்தக்கவை. யானைமேல் மன்னர் வருகிறார். அவரைச் சூழ அதிகாரிகளும் சேவகர்களும் நடக்கிறார்கள். நான் மன்னரைவிட்டு அந்தச் சேவகர்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் யாராவது நுழைவுச்சீட்டு வாங்கி வந்து, இது எங்கள் தாத்தா என்று கண்டுபிடித்திருப்பார்களா?

புகைப்படம் இல்லாமலே மறைந்த மாளிகைகளும் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வசித்த லால் மகால் அப்படிப்பட்டது. புகைப்படக் கலை 1839இல்தான் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே லால் மகாலைப் பிரித்துவிட்டார்கள். அதன் பெரிய உத்திரங்களை யானைகளைக்கொண்டு நீலகிரிக்கு ஏற்றினார்கள். ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்தின் கூரையை இன்றைக்கும் தாங்கி நிற்பவை அவைதான். 1829இல் அஸ்திபாரமிட்டு 1830இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் அது. ஊட்டிக்குச் சுற்றுலா செல்லும் நம் ஜனங்கள் படகுத்துறையில் வரிசையில் நிற்கும் நேரத்தில் பாதியை அங்கே செலவிட்டு, ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம். சுல்தானின் மாளிகை எப்படி இருந்தது என்று அறிய ஓவியர்கள் வரைந்த சித்திரங்களைத்தான் தேடவேண்டும். அதன் மரமோ ஆராதனைக்கு வருகிறவர்களின் தலைக்குமேல் இருக்கிறது.

மைசூரில் மறைந்தவை பழங்கதை மட்டுமல்ல. வைசிராய் லான்ஸ்டவுன் 1892இல் வந்ததன் நினைவாகப் பெயர்பெற்ற லான்ஸ்டவுன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. வேதாகமக் கல்லூரி நாட்களில், எனக்குத் தேவையான ஓர் எபிரெய அகராதியைப் பழைய விலைக்கு அங்கேதான் வாங்கினேன். 2012 ஆகஸ்டில் அக்கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் மாண்டார்கள். நாலாண்டு கழித்து, 2016 ஆகஸ்டில், தேவராஜா மார்க்கெட்டின் வடபுறமும் சரிந்தது. எனக்கு அந்தக் கடைகளின் முகப்பு நினைவிருக்கிறது. ஆனால் அங்கே நான் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. நித்தம் போய்வரும் இடத்தை யார் படமெடுக்கிறார்கள்?

இதைச் சொன்னபோது சகோதரர் தம் கைபேசியை நீட்டினார். அதில் நாலாயிரம் படங்களுக்குமேல் இருந்தன. பிள்ளைகளின் பிறந்தநாள் கேக்குகளும், புது வாகனமும், பெங்களூர் வணிகவளாகங்களும் நிறைந்திருந்தன. மறுவாரம் இறக்கப்போகிற ஓட்டு வீட்டின் படத்தைத் தேடினார். மகள் பட்டுப்பாவாடையுடன் நிற்கும் படத்தில், பின்னால் கதவின் பாதி தெரிந்தது. அவ்வளவுதான். அவர் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாஸ்டர், நான் இன்று ராத்திரியே ஊருக்குத் திரும்புகிறேன்" என்றார்.

நகரங்களுக்குப் பிழைக்க வந்த நம்மைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் வந்திறங்குகிற நாம், அது தர்மாம்புதி ஏரியாக இருந்த இடம் என்பதை அறியோம். சென்னைக்கு வந்தவர்கள் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையத்தில் ஏறி இறங்குகிறார்கள். 1985 மே மாதம் எரிந்த மூர் மார்க்கெட் அங்கேதான் இருந்தது என்று பிள்ளைகளுக்கு யார் சொல்லுவது? ஏரிக்கும் மார்க்கெட்டுக்கும் யாரோ எடுத்த படங்களாவது உண்டு. நாம் விட்டுவந்த வீடுகளுக்கு அதுவும் இல்லை.

ஏழு மாதம் கழித்து வீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைத்தார்கள். அப்போது நான் சேலத்திலிருந்து மேட்டூர், பாலாறு வழியாக மலையேறிச் சென்றேன். 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை பல கிராமங்களைத் தண்ணீருக்குள் விட்டது. நீர்மட்டம் வெகுவாக இறங்குகிற கோடைகளில், பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் வெளியே தெரியும். செய்தித்தாள்கள் அதைப் படமெடுத்துப் போடும்; நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் போன நாளில் அணை நிறைந்து கிடந்தது. பரிசலில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். வேறொன்றும் தெரியவில்லை.

புதிய வீட்டின் கூடத்தில் ஓட்டு வீட்டின் படம் பெரிதாக மாட்டப்பட்டிருந்தது. இடிக்கும் முன் நான்கு பக்கமும், அடுப்படியும், கிணற்றடியும் எடுத்துவைத்திருந்தார்கள். ஆனால் பெரியவர் அதைப் பார்க்கவில்லை. கண்புரை முற்றிவிட்டது, அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். பழைய குடும்பப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, பேத்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 1956இல், கொள்ளேகாலிலிருந்து வந்த ஒரு படக்காரர் அந்த வீட்டின் முன் எடுத்தது. பதினோரு பேர் இருந்தார்கள். பின்னால் ஒரு பெயரும் எழுதவில்லை. மகனுக்கோ தெரிந்தது மூன்று முகம்.

"தாத்தா, நாற்காலியில் மீசை வைத்தவர்?"

"என் அப்பா."

"அவருக்குப் பின்னால், தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன்?"

"நான்தான். ஒன்பது வயது. தூணைப் பிடிக்காதே என்று படக்காரர் திட்டினார்."

அத்தைமார், சித்தப்பா, பொள்ளாச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், அம்மையில் இறந்த தம்பி என்று, அவள் உடுப்பையும் நின்ற இடத்தையும் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டே பெயர் சொன்னார். அவள் பென்சிலால் பின்புறத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். பத்துப் பேர் ஆயிற்று.

"கடைசியில் ஒரு பெண், தாத்தா. எல்லாருக்கும் தள்ளி, ஓரமாக."

"கையில் கூடை இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அவள் நம் வீட்டுப் பிள்ளை இல்லை. சாணி பொறுக்க வருவாள். படம் எடுக்கிறார்கள் என்று ஓடிவந்து நின்றுகொண்டாள். அப்பா போகச் சொல்லவில்லை." வெகுநேரம் யோசித்தார். பெயர் வரவில்லை. "கூடைக்காரப் பிள்ளை என்று எழுதம்மா" என்றார்.

அவள் எழுதினாள்.