விரற்கடைக் களிமண்

பாறையைக் கண்ணாற் கண்டபின் வேறு சாட்சி வேண்டுவதில்லை என்று ஒருகாலத்தில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென எமக்கு உணர்த்தியது, கனடா தேசத்து ஆல்பர்ட்டா மாகாணத்தில் யாம் கண்ட விரற்கடையளவுக் களிமண்ணேயாம்.

அம்மாகாணத்து அத்தபாஸ்கா பிரதேசத்தில், 10 கோடி ஆண்டுகட்கு மேற்பட்ட பழமையுடைய மணற்படுகைகளில் எண்ணெய் செறிந்துள்ளது. அது நல்லெண்ணெய்போல் ஓடுவதன்று. கீல்போல் இறுகி நிற்பது. ஆழத்திலுள்ள அதனை எடுத்தற்கு ராஜர் பட்லர் என்னும் அறிஞர் 1970-களில் ஒரு முறை வகுத்தனர். படுக்கைவாட்டில் இரு கிணறுகள், சுமார் 5 மீட்டர் இடைவெளியில், ஒன்றன்மேல் ஒன்றாகத் துளைக்கப்படும். மேற்கிணற்றிற் செலுத்திய நீராவி மேலெழுந்து எண்ணெயை இளக்கும். இளகியது கீழ்க்கிணற்றில் வடியும். இடையே களிமண் பரந்து குறுக்கிடுமாயின் நீராவி மேலே செல்லாது. எரித்த வாயுவும் காய்ச்சிய நீரும் வீணாம்.

துளையிட்டெடுத்த பாறைத்தண்டு ஒன்றனை ஆராயும் பணி எம்பால் வந்தது. அதிற் களிமண் அடுக்குகள் இரண்டிருந்தன. ஒன்று சாண் தடிப்பு, மற்றது விரற்கடைத் தடிப்பு. முன்னதே தடையென்றும், பின்னது பொருட்படுத்தத் தக்கதன்றென்றும் எழுதிக்கொடுத்தோம். உடன் பணிபுரிந்த இரசாயன வல்லுநராகிய அம்மையார், "எண்ணெயையும் ஒரு வார்த்தை கேட்போமே" என்றனர்.

எண்ணெய் எங்ஙனம் பேசும்? படுகையின் அடியில் நீரையடுத்து வாழ்ந்த நுண்ணுயிர்கள் எண்ணெயிற் சில பொருள்களை உண்டன. ஆதலின், பாச்சையுருண்டையாக நாமறிந்த நாப்தலீனின் இனப்பொருள்கள் மேலே மிகுந்தும் கீழே குறைந்தும் இருக்கும். தடையில்லாவிடத்து, நெடுங்காலக் கலப்பினால் இக்குறைவு சாய்தளம்போல் மெல்ல இறங்கும். தடையுள்ளவிடத்துப் படிக்கட்டுப்போல் திடீரென இறங்கும்.

சோதனையின் முடிவைக் கண்டு நாணினோம். சாண் தடிப்புக் களிமண்ணின் இருபுறத்தும் எண்ணெய் ஒரே சாய்வில் தொடர்ந்திருந்தது; அது சிறிது தூரத்தில் முடிந்துவிட்ட திட்டே. விரற்கடைக் களிமண்ணின் கீழோ அளவு சட்டென வீழ்ந்தது. அண்டைத் துளைகளிலும் அம்மட்டத்தில் அவ்வாறே. உள்ளங்கை யகலமே யுடைய தண்டில் யாம் கண்டது தடிப்பு மாத்திரமே. பரப்பினை அறிந்திருந்தது எண்ணெய். எண்ணெயின் பெரும்பகுதி அக்களிமண்ணுக்கு மேலே இருந்தமையின், கிணறுகளையும் அதற்கு மேலேயே அமைக்குமாறு எம் அறிக்கையைத் திருத்தினோம்.

மாணவ நண்பர்காள், கண்டது பொய்யன்று. ஆயினும் கண்டது சிறிது. நம்மினும் நெடுங்காலம் அவ்விடத்திருந்த ஒன்றனையும் வினவியபின்னரே முடிவுரை எழுதுவீராக.